ஒன்றுக்கு இருநூறு

அண்ணாச்சி, நீங்க ஜன்னல் பக்கம் போயிருதீயளா? இல்ல, நானே போறேன். இல்ல வேண்டாம், அங்கன வெயில் அடிக்கும், பசை இளகிரும். நீங்களே போங்க. பெட்டி உங்க முட்டியில இடிச்சா சொல்லுங்க, திருப்பி வெச்சுக்கிடுதேன். மேல தட்டுல வைக்கச் சொன்னாரு கண்டக்டர். அங்கன வெச்சா மதுரை வரைக்கும் நான் நின்னுக்கிட்டே அதப் பார்த்துக்கிட்டுதான் வரணும்.

ஆர்மோனியம் இல்ல. எல்லாரும் அதத்தான் கேக்காவ. புது பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா மாதா சொரூபமான்னு கேட்டு நெத்தியில சிலுவை போட்டுட்டுப் போச்சு.

கப்பல். தண்ணியில போறது இல்ல, ஆகாசத்துல போறது. விண்கலம். பொம்மைன்னு மட்டும் சொல்லிராதீய, பொம்மைக்கு அளவு கிடையாது. இது ஒன்றுக்கு இருநூறு. அப்படின்னா, நெசக் கப்பல் நூத்தி அறுபது மீட்டர், இது எண்பது சென்டிமீட்டர். நெசக் கப்பல் எங்க இருக்குன்னா கேக்கீய? எங்கயும் இல்ல. என் வீட்டுக்காரி கதையில இருக்கு.

என் பேரு ஞானதிரவியம். பாளையங்கோட்டையில பல் லேப் வெச்சிருக்கேன். டாக்டர் இல்ல. டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவாரு, நாங்க செட் பல்லு, பீங்கான் பல்லு செஞ்சு கொடுப்போம். இருபத்திரண்டு வருஷமாச்சு. பல்லுங்கிறது கால் மில்லி கூடுனா மனுஷனால வாய மூட முடியாது. அந்தக் கண்ணு எனக்கு. ஒரு இடத்துல தப்பு இருந்தா முதல்ல அதுதான் தெரியும். அது குணம், அண்ணாச்சி. அதுக்கு என்ன செய்ய முடியும்?

என் வீட்டுக்காரி லில்லிபுஷ்பம். தபால் ஆபீஸ்ல கவுண்டர்ல இருக்கா. அமைதியான பொம்பள. பதினாறு வருஷம் ஒரே வீட்டுல இருக்கோம், எங்களுக்குப் பிள்ளை இல்ல, ரெண்டு பேருதான். அப்படி இருந்தும் அவ போன்ல ஒரு தொடர்கதை எழுதுதான்னு எனக்குத் தெரியாது. போன மே மாசம், அச்சு கொண்டுவந்த பல் டாக்டரம்மா சொல்லுதாவ, "ஞானம், இந்த வெள்ளிக்கிழமை ஏன் உங்க வீட்டம்மா எழுதல, உடம்பு சரியில்லையா?"ன்னு. என்ன எழுதல? எனக்கு ஒண்ணும் புரியல. அவங்க போன எடுத்துக் காட்டுனாவ. ரெண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஒண்ணுன்னு அறுபத்தோரு அத்தியாயம். ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரு வாசிக்காவ. எனக்கு மட்டும் தெரியல.

அன்னைக்கு வேலை ஓடல. சாயங்காலம் கேட்டேன், "ஏன் லில்லி என்கிட்ட சொல்லல?" அவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. "நீங்க கேட்கல"ன்னா. எதுன்னு தெரியாம எப்படிக் கேக்கது, சொல்லுங்க.

சரி, அத விடுங்க. ரெண்டு நாள்ல அறுபத்தொண்ணையும் வாசிச்சு முடிச்சேன். கதை என்னன்னா, பூமி வாழ முடியாம போயிருது, நாற்பது பேரு ஒரு கப்பல்ல கிளம்புதாவ. கப்பல் பேரு ஆழி. அதுக்குத் தலைவி மேகலைன்னு ஒரு பொம்பள. மீதி முப்பத்தொன்பது பேரும் நம்ம மாதிரி ஆளுகதான். சமைக்கிறவரு, தையல்காரர், ஒரு வாத்தியாரு, ஒரு சின்னப் பிள்ளைகூட இருக்கு. வாசிச்சு முடிச்சதும் எனக்குக் கை பரபரன்னு இருந்துது. இந்தக் கப்பல நான் செய்யணும். செப்டம்பர் நாலு எங்க கல்யாண நாள். அதுக்குள்ள செஞ்சு அவ முன்னால வைக்கணும். பரிசுன்னா சேலையா எடுத்துக் கொடுக்காவ, எவன் கப்பல் கொடுத்திருக்கான்?

கடையில விக்கிற பெட்டியில பாகமெல்லாம் வார்த்து நம்பர் போட்டு வரும், ஒட்டினாப் போதும். இதுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. எல்லாம் நம்ம கையால. நடு உடம்பு நாலு இஞ்சு பிளாஸ்டிக் குழாய். மூக்கு, மெழுகுல செதுக்கி அச்சு எடுத்து, செட் பல்லுக்கு ஊத்துற அக்ரிலிக்க ஊத்துனது. மேல இருக்கிற கட்டம் கட்டமான கதவெல்லாம் மாத்திரை அட்டை. எஞ்சின் வாய் அவ தையல் மிஷின் பாபின், ஆறு பாபின். வெப்பம் கடத்துற தகடு அவ சீப்பு, பல்லப் பல்லா நறுக்கி. எடுக்கும்போது சொல்லிட்டுத்தான் எடுத்தேன். சில நேரம் எடுத்துட்டுச் சொன்னேன்.

திடீர்ப் பரிசா செய்யலாம்னுதான் நினைச்சேன், ஆனா அளவு வேணுமே. அளவில்லாம நான் கத்தியத் தொட மாட்டேன். கேட்டேன்: "லில்லி, ஆழி எத்தனை மீட்டர்?" அவ சிரிச்சா. "அந்தந்த அத்தியாயத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு"ன்னா. அது எப்படி? நான் நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருந்தேன். ஏழாவது அத்தியாயத்துல மேகலை இந்த முனையில இருந்து அந்த முனைக்கு நடக்கப் பத்து நிமிஷம். பத்தொன்பதாவதுல அதே தூரத்த அரை நிமிஷத்துல ஓடிருதா. பத்து நிமிஷ நடைன்னா எண்ணூறு மீட்டர், அரை நிமிஷ ஓட்டம்னா நூத்தம்பது, நூத்தறுபது. எது சரி? அவ சொன்னா, "ஏழாவதுல அவ ஒரு சாவுச் சேதியச் சொல்லப் போறா. அதான் பத்து நிமிஷம்." சரி, சேதி என்ன சேதியா இருந்தாலும் நடை நடைதானே? நான் ஓடுன கணக்க எடுத்துக்கிட்டேன். அவளும் போன்ல ஏழாவதத் திறந்து, பத்து நிமிஷத்த ரெண்டு நிமிஷம்னு மாத்திட்டா. பாத்தீயளா, சொன்னாக் கேக்கிற ஆளுதான்.

கோவில்பட்டி வருது. இங்கன இறங்கி டீ குடிப்பீயளா? போயிட்டு வாங்க, நான் அசையல. பெட்டி இருக்கு.

வந்துட்டீயளா. டிரைவர் அந்த வேகத்தடையில ஏத்துனாரு பாருங்க, உள்ள என்னமோ கடகடன்னு சத்தம் கேட்டுச்சு. ஒரு நிமிஷம், திறந்து பாத்திருதேன். இந்தா. ஒண்ணும் ஆகல. பாருங்க, தொடாதீய. மூடி கழட்டுற மாதிரிதான் செஞ்சிருக்கேன், உள்ள ஆளு தெரியும். அந்தா வரிசையா இருக்காவ பாருங்க, பீங்கான். பல்லுப் பீங்கான்தான். ஒன்றுக்கு இருநூறுல மனுஷன் எட்டு மில்லி, நம்ம முன்பல்லவிடக் கொஞ்சம் குட்டை. ஒவ்வொருத்தரையும் தனியா சூளையில வெச்சு எடுத்தேன். தையல்காரருக்கு ஊதா நிறத்துல சட்டைன்னு எழுதியிருந்தா, பீங்கான்ல அந்த ஊதா வர மூணு தடவை சுட்டேன். நாற்பது பேரு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடம், அடியில நம்பர். அவ கதையில யாரு எங்க படுப்பான்னே கிடையாது. கக்கூஸ் எங்கன்னு அறுபத்தோரு அத்தியாயத்துல ஒரு வார்த்தை இல்ல. நான்தான் வெச்சேன். அஞ்சு.

ஆனா ஜூலை மாசம் நல்லா இருந்துது, அண்ணாச்சி. பொய் சொல்லக்கூடாது. லேப்ல இடம் பத்தாதுன்னு வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்துட்டேன். அவ அந்த மேஜையில உக்காந்துதான் எழுதுவா போல, எனக்குத் தெரியாது. போன்ல எழுதுறதுக்கு மேஜை எதுக்கு? அவ பாட்டுக்கு அடுக்களையில நின்னுக்கிட்டு எழுதுவா. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காருவா. பசை காயுற வரைக்கும் ரெண்டு பாகத்தையும் அழுத்திப் பிடிக்கணும், அஞ்சு நிமிஷம். அவ பிடிப்பா. அவ விரல் ஆடாது, தபால் முத்திரை குத்துன கை. அப்படிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது ஒரு நாள் சொன்னா, "ஏங்க, முன்னால ஒரு ஜன்னல் மட்டும் பெருசா வைங்களேன். மேகலை அங்கனதான் வந்து நிப்பா. முழு ஆளும் தெரியணும்."

நான் கணக்குப் போட்டுக் காட்டுனேன். உள்ள காத்தழுத்தம், வெளிய ஒண்ணும் இல்ல, ஆள் உயரத்துக்குக் கண்ணாடி வெச்சா தெறிச்சுப் போகும், நாற்பது பேரும் போயிருவாவ. ரெண்டு மில்லி வட்டமா வெச்சேன். நெசத்துல நாற்பது சென்டிமீட்டர், முகம் தெரியும், போதும். அவ பாகத்த விடாம அஞ்சு நிமிஷமும் பிடிச்சா. அப்புறம் கை கழுவிட்டுப் போனா. கோவிச்சிருந்தா சொல்லியிருப்பா இல்லையா?

அடுத்த வாரத்துல இருந்து அவளுக்கு ஆபீஸ்ல வேலை கூடிட்டு. ஸ்டூல்ல உக்காரல.

சாத்தூர் தாண்டிட்டா? இல்லையா. இன்னும் எவ்வளவு நேரமாகும்? அவ ஆபீஸ் விடுறதுக்குள்ள, அஞ்சு மணிக்குள்ள போயிரணும். ஒரு சனிக்கிழமையும் இந்த பஸ்ஸு நேரத்துக்குப் போனது கிடையாது.

அதுக்கு அப்புறம் ஒண்ணு செஞ்சேன், அது அவளுக்கு உதவியாத்தான் செஞ்சேன். அந்தக் கதைக்குக் கீழ வாசிக்கிறவங்க கருத்து எழுதுவாவ. அருமை, அழுதுட்டேன், அடுத்தது எப்போன்னு. ஒருத்தருகூட உருப்படியா ஒரு கேள்வி கேக்கல. நான் விண்பொறின்னு ஒரு பேரு வெச்சுக்கிட்டு எழுத ஆரம்பிச்சேன். மரியாதையாத்தான். இந்த அத்தியாயத்துல தண்ணிக் கணக்கு இடிக்குது, அந்த அத்தியாயத்துல எடையில்லாத இடத்துல சாம்பார் எப்படிக் கொதிக்கும், இப்படி. ஜனங்க சண்டைக்கு வந்துட்டாவ. ஒரு அம்மா, "விண்பொறி சாருக்கு வீட்டுல வேலை இல்லையா"ன்னு கேட்டுச்சு. நான் விடல, ஒவ்வொருத்தருக்கும் பதில் சொன்னேன். கதை எழுதுதவளுக்கு யாராவது பொறுப்பா ஒரு ஆளு வேணும்ல.

கல்யாண நாளும் வந்துது. கப்பல் அப்போ முடியல, வண்ணம் பாக்கி. முக்கால்வாசி செஞ்சத மேஜையில வெச்சு, மேல துணி போட்டு எடுத்துக் காட்டுனேன். அவ சுத்திச் சுத்தி வந்து பாத்தா. குனிஞ்சு அந்த வட்ட ஜன்னல்ல ஒரு கண்ண வெச்சுப் பாத்தா. "ரொம்ப அழகா இருக்கு"ன்னா. நெசமாத்தான் சொன்னா, எனக்குத் தெரியும். அப்புறம் நிமிர்ந்து, "விண்பொறி நீங்கதானா?"ன்னு கேட்டா.

எப்படிக் கண்டுபிடிச்சான்னா, ஜன்னல் கண்ணாடி நாற்பது சென்டிமீட்டருக்கு மேல தாங்காதுன்னு கருத்துல ஒரு தடவை எழுதிட்டேன். அந்த நாற்பது எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தானே தெரியும். ஆமான்னு சொன்னேன். மறைக்க என்ன இருக்கு? "வேற பேருல ஏன்?"ன்னா. "வீட்டுக்காரன்னு தெரிஞ்சா நான் உனக்குச் சாதகமா எழுதுதேன்னு நினைப்பாவல்ல"ன்னேன். அவ என்னையப் பாத்தா.  அப்புறம் வாங்கி வெச்சிருந்த கேக்குல ஒரு துண்டு வெட்டி எனக்குக் கொடுத்தா.

அந்த வெள்ளிக்கிழமை அத்தியாயம் வரல. அடுத்த தவணையும் வரல. அக்டோபர் பூரா வரல. நான் கேட்டேன், அறுபத்தெட்டுல நிறுத்திட்டியே, ஜனங்க காத்துக்கிட்டு இருக்காவளேன்னு. "எழுத உக்காந்தா கப்பலுக்குள்ள நடக்க முடியல"ன்னா. "இங்கன திரும்பினா நம்பர், அங்கன திரும்பினா நம்பர். எனக்கே வழி தெரியல." நான் கப்பல் படம் ஒண்ணு வரைஞ்சு, எந்த அறை எங்கன்னு எழுதி, ஃபிரிட்ஜ்ல ஒட்டி விட்டேன். உதவும்ல?

நவம்பர்ல மதுரைக்கு டிரான்ஸ்ஃபர் வந்துது. வந்துதுன்னா, அவளே எழுதிக் கொடுத்திருக்கா. அவ ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மதுரையில ஆள் பத்தாதாம், பொறுப்பான பொம்பள, கேட்டிருப்பா. அங்கன வேலைக்குப் போற பொம்பளைங்க ஹாஸ்டல்ல இருக்கா. மாசம் ஒரு தடவை வருவான்னு பாத்தேன், கிறிஸ்துமஸுக்கு வந்தா, ரெண்டு நாள் இருந்தா. மேஜையில கப்பல் இருந்ததால தரையில உக்காந்துதான் சாப்பிட்டோம்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, லேப்ல இருக்கேன், போன் கிணுங்குது. புது அத்தியாயம். அறுபத்தொன்பது. வேலையப் போட்டுட்டு வாசிச்சேன். என்ன எழுதியிருக்காங்கீய? மேகலை கப்பல விட்டுப் போயிருதா. ஒரு சின்னப் படகு, ஒரே ஒரு ஆளு உக்காருறது, அதுல ஏறி, முப்பத்தொன்பது பேருக்கும் கைகாட்டிட்டுத் தனியா போறா. எங்க போறான்னு இல்ல. அந்தப் படகுக்கு முன்பக்கம் பூரா கண்ணாடியாம்.

அந்தப் படகு எங்க இருந்து வந்துது? அறுபத்தெட்டு அத்தியாயத்துல அப்படி ஒரு படகு கிடையாது. நான் செஞ்ச கப்பல்ல அது நிக்க இடமே இல்ல. எரிபொருள் எவ்வளவு, காத்து எத்தனை நாளைக்கு, ஒண்ணும் கிடையாது. உடனே போன் போட்டேன். ஒண்ணு ஒண்ணா எல்லாத்தையும் சொன்னேன். இருபது நிமிஷம் இருக்கும். அவ குறுக்க பேசல. கடைசியில கேட்டா, "கதை பிடிச்சிருந்துதா?" "அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்"ன்னேன். "சரிங்க, கவுண்டர்ல ஆளு நிக்காவ"ன்னு வெச்சுட்டா.

அதுக்கப்புறம் நான் சரியா உறங்கல, அண்ணாச்சி. என்னமோ ஒண்ணு சரியில்ல, எதுன்னு தெரியல. எனக்குத் தெரியலங்கிறதுதான் எனக்குப் பொறுக்கல. வண்ணத்த முடிச்சேன். எல்லாம் முடிஞ்சுது. முந்தாநாள் போன் போட்டு, சனிக்கிழமை வாரேன், கப்பலக் கொண்டாரேன்னேன். "நீங்க வாங்க, பெட்டி வேண்டாம்"னா. சும்மா சொல்லுவா. பஸ்ல எனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சொல்லுதா.

ஏன் சிரிக்கீய? இல்லையா, சரி.

இது என்ன ஊரு, திருமங்கலமா? அப்போ இன்னும் அரைமணி நேரந்தான். என்ன கேட்டீய? அறுபத்தொன்பது அத்தியாயத்துலயும் எனக்குப் பிடிச்சது எதுன்னா? நீங்களும் அவள மாதிரியே கேக்கீயளே. பிடிச்சதுன்னா...

முப்பத்தெட்டு. முப்பத்தெட்டாவது அத்தியாயம்.

கப்பல்ல ஒரு சின்னப் பிள்ளை இருக்குன்னு சொன்னேன்ல. அதுக்கு முதல் பல்லு விழுது. விழுந்த பல்ல நாம என்ன செய்வோம், கூரை மேல தூக்கிப் போடுவோம். அது கேக்குது, கூரை எங்கன்னு. கப்பல்ல ஏது கூரை? ஆளாளுக்கு ஒரு சமாதானம் சொல்லுதாவ, பிள்ளை கேக்கல, பல்லக் கையில மூடிக்கிட்டு அழுதுக்கிட்டே இருக்கு. மேகலை வேலையெல்லாம் நிறுத்திட்டு, அந்த வெளி உடுப்பப் போட்டுக்கிட்டு, கதவத் திறந்து வெளிய போயி, கப்பல் முதுகுல ஏறி அந்தப் பல்ல ஒட்டி வெச்சுட்டு வாரா. ஒட்டி. போட்டா மிதந்து போயிரும்ல, அதனால ஒட்டுனான்னு எழுதியிருக்கா. மீதி முப்பத்தொன்பது பேரும் உள்ள இருந்து அவ காலடிச் சத்தத்தத் தலைக்கு மேல கேட்டுக்கிட்டு நிக்காவ.

லேப்லதான் வாசிச்சேன். முகமூடி போட்டிருந்தேன், அதனால பக்கத்துல இருந்தவங்களுக்குத் தெரியல. முகமூடி பூரா நனைஞ்சு போச்சு. இருபத்திரண்டு வருஷமா பல்லு செய்யுதேன், ஒரு பிள்ளையோட விழுந்த பல்ல நான் கையில வாங்குனது இல்ல. அது அவளுக்குத் தெரியும்.

கப்பல்ல வைக்கல. ஒன்றுக்கு இருநூறுல அந்தப் பல்லு கண்ணுக்கே தெரியாது, தூசியவிடச் சின்னது.

அவகிட்ட சொன்னேனான்னா? இல்ல. அதுல தப்பு ஒண்ணும் இல்லையே, சொல்லுறதுக்கு.

...

ஏன் அப்படிப் பாக்கீய?

மாட்டுத்தாவணி வந்துட்டு. இறங்குறவங்க இறங்கட்டும், இந்தப் பெட்டியோட இப்போ வழியில நிக்க முடியாது. அந்தா, அண்ணாச்சி, அந்தா நிக்கா. தூணுக்குப் பக்கத்துல, பச்சை சேலை. ஆபீஸ் விட இன்னும் நேரம் இருக்கே, சீக்கிரம் சொல்லிட்டு வந்துட்டாளா? ஒவ்வொரு ஜன்னலா பாக்கா. பெட்டி மறைக்குது, என்னையத் தெரியல போல.

நீங்க முன்னால போங்க. போகும்போது அவகிட்ட சொல்லிருங்க, உங்க வீட்டுக்காரரு முப்பத்தெட்டாவது... இல்ல, வேண்டாம். நீங்க சொன்னா நல்லா இருக்காது. நான் எப்படி ஆரம்பிக்கணும்? லில்லி, அந்தப் பல்லு அத்தியாயம்... அதுக்கு மேல வர மாட்டேங்குது. சரி, ஆரம்பிச்சா வரும்.

அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க. அடியில கை குடுத்துப் பிடிங்க. நான் வெறுங்கையா இறங்கி அவகிட்ட போயிட்டு வாரேன்.